விளிம்பு

பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் மாட வீதிப் பக்கம் காரைக் கொண்டுபோகக் கூடாது என்பது மயிலாப்பூரில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் கபாலீசுவரர் கோயிலுக்கு நான்கு தெரு தள்ளி ஒரு சந்தில் நிறுத்தியிருந்தேன். நீர்மோர்ப் பந்தலுக்குச் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு வந்த மீன்பாடி வண்டிக்கும் அந்தச் சந்துதான் குறுக்குவழியாகப் பட்டிருக்கிறது. கட்டையின் நுனி பட்டு என் காரின் பின்கதவில் ஒரு டொக்கு. அதிலிருந்து கிளம்பி ஒரு முழ நீளத்துக்குக் கீறல். “சாமி காரியம் சார், மனசுல வெச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வண்டிக்காரர் மிதித்துப் போய்விட்டார். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. கதவில் இருந்தது.

என் கார் வெள்ளி நிறம். இந்த ஊரில் அந்த நிறத்தை வாங்குகிறவர்கள் அழுக்கு தெரியாது என்று வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான். அடிபட்ட பிறகுதான் அதன் குணம் தெரியவரும். முதலில் கொடுத்த பட்டறையில் கதவை நிமிர்த்தி, பட்டி போட்டு, கம்பெனியின் நிறக் குறியீட்டைச் சொல்லிக் கலந்து வாங்கிய பெயின்டை அடித்துக் கொடுத்தார்கள். பகல் பதினொரு மணி வெயிலில் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று இரவு பெட்ரோல் பங்கின் வெள்ளை விளக்குக்குக் கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தால், எவர்சில்வர் அடுக்குகளுக்கு நடுவே வைத்த அலுமினியத் தட்டு மாதிரி அந்தக் கதவு மட்டும் தனியாக நின்றது. மறுநாள் காலை வாட்ச்மேன் கேட்டார்: “கதவு புதுசா மாத்திட்டீங்களா சார்?”

அந்தக் கேள்விதான் என்னை மந்தைவெளிப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விட்டது. கொட்டகை என்றால் மூன்று பக்கம் தகரம், நான்காவது பக்கம் தார்ப்பாய். மூலையில் ஒரு கம்ப்ரசர். அதன் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பெயின்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் அந்தக் கதவைப் பார்க்கவே இல்லை. வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகைக்கு நேர் பார்க்கும் ஆசாரியைப் போல நீளவாக்கில் பார்த்தார். எழுந்து வந்து சொன்னார்: “டப்பால இருந்த கலர் கரெக்டுதான் சார். அடிச்ச கைதான் வேற.”

இதைத் தொழில் பெருமை என்று நினைத்தேன். வெறும் பௌதிகம் என்று பிறகு புரிந்தது. மெட்டாலிக் வெள்ளியின் பளபளப்பு அதில் மிதக்கும் நுண்ணிய அலுமினியச் செதில்களால் வருவது. பெயின்ட் ஈரமாக, கனமாக விழுந்தால் செதில்கள் மூழ்கித் தாறுமாறாகச் சாய்ந்து நின்றுவிடும், நிறம் கறுக்கும். உலர்வாக, மெல்லிசாக விழுந்தால் மேற்பரப்பில் படுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், நிறம் வெளுக்கும். ஸ்பிரே கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே போதும், காற்றின் அழுத்தம் கொஞ்சம் கூடினாலே போதும், ஒரே டப்பாவிலிருந்து இரண்டு வெள்ளி வந்துவிடும். இது போதாதென்று விளக்கின் சதி வேறு. இரண்டு நிறங்கள் வெயிலில் ஒத்துப்போய் எல்இடி விளக்கில் பிரிந்துபோக முடியும். கலவையில் சேர்ந்த நிறமிகள் வேறு வேறாக இருந்தால் அப்படித்தான் ஆகும். நல்ல பெயின்டர்கள் ஒரு துண்டு அட்டையிலோ தகட்டிலோ அடித்துக் காயவைத்து, வெயிலிலும் நிழலிலும் வண்டியோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுகிறார்கள்.

“என்ன பண்ணலாம் அண்ணா?”

“மூணு பேனல் தொடணும் சார்.”

அடிபட்டது ஒரு கதவு. முன்கதவையும் பின் குவார்ட்டரையும் எதற்குத் தொட வேண்டும்? பில்லை ஏற்றுகிறார் என்றுதான் என் மத்தியதர வர்க்க மூளைக்கு முதலில் தோன்றியது. அவர் பேசாமல் சுண்ணக்கட்டி எடுத்து, தகரத்தில் தடித்த பட்டையாக ஒரு கோடு போட்டார். பிறகு அதன் இரண்டு ஓரங்களையும் உள்ளங்கையால் வெளிப்பக்கமாகத் தேய்த்துவிட்டார். நடுவில் சுண்ணாம்பு இருந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை.

நம் கண் நிறத்தைப் பார்ப்பதைவிட விளிம்பைப் பார்க்கிறது. இரண்டு சாம்பல்கள் ஒட்டி நின்றால் மயிரிழை வித்தியாசத்தையும் பிடித்துவிடும். அதே வித்தியாசம் மூன்றடி நீளத்தில் மெல்லக் கரைந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. ரிப்பேர் பெயின்டிங்கின் பெரிய ரகசியம் இதுதான். நிறத்தை நூற்றுக்கு நூறு ஒப்பச் செய்வது பெரும்பாலும் நடக்காத காரியம், ஏனென்றால் ஏழெட்டு வருடச் சென்னை வெயில் காரின் மீதியை ஏற்கனவே மாற்றி வைத்திருக்கிறது. செய்யக்கூடியது, வித்தியாசத்தை விளிம்பில்லாமல் கொண்டுபோய்க் கலப்பது. பின்கதவில் முழுதாக விழும் நிறம் முன்கதவின் பாதியில் புகையாக மெலிந்து மறைய வேண்டும். அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் கதவு முழுக்கப் போய், பேனல்களுக்கு இடையில் உள்ள சந்தில் நிற்க வேண்டும். அந்தச் சந்து கார் செய்தவனே போட்டுவைத்த விளிம்பு. அங்கே கோடு இருப்பதைக் கண் கேள்வி கேட்காது. ஒரு கதவைச் சரிசெய்ய அடிபடாத இரண்டு பேனல்களைத் தொட வேண்டியிருப்பது அதனால்தான்.

எங்கே நிறுத்துவது என்பது இந்தத் தொழிலில் நிறத்தோடு முடியும் கேள்வி இல்லை. அது பட்டியிலிருந்தே தொடங்குகிறது. தமிழில் “பட்டி டிங்கரிங் பார்ப்பது” என்பது கேலிச் சொல்லாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை முகத்துக்கும், தேர்தலுக்கு முன் தெரு ரோட்டுக்கும், மறுபதிப்புக்கு முன் பழைய நாவலுக்கும் அதைச் சொல்கிறோம். குறையை மேலாக மெழுகி மறைப்பது என்று பொருள். கொட்டகையில் பார்த்த பட்டி வேலை அதற்கு நேர்மாறானது. முதல் பட்டறை போட்ட பெயின்டையும் பட்டியையும் அவர் தகரம் தெரியும்வரை எடுத்தார். அடியில் பழுப்பாகத் துருவின் முதல் புள்ளிகள். “தண்ணி ஊத்தித் தேய்ச்சிருக்காங்க சார்” என்றார்.

பாலியெஸ்டர் பட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் டால்க் தூள். அது தண்ணீரை உறிஞ்சும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது வேலைக்குச் சுகம்: தூசி பறக்காது, பேப்பர் அடைக்காது. ஆனால் பட்டி குடித்த ஈரம் மேலே பெயின்ட் மூடியதும் வெளியே வர வழியில்லாமல் தகரத்தைத் தின்னத் தொடங்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது சீக்கிரமே கொப்புளமாக எழும்பிவிடும். எனவே பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். 80ஆம் நம்பர் பேப்பரில் உருவம், 180இல் வழவழப்பு. பிரைமர் வந்து மூடிய பிறகுதான் தண்ணீரும் 600, 800ஆம் நம்பர் பேப்பரும். மேடு பள்ளம் தெரிய பிரைமர் மேல் கறுப்பைப் பொட்டுப் பொட்டாகத் தூவித் தேய்க்கிறார்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும். அவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. உள்ளங்கைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய துணியை வைத்து, கண்ணை மூடித் தடவினார். கண் நிறத்தில் ஏமாறும், கை மேட்டில் ஏமாறாது என்பது அவர் கணக்கு.

இந்தத் தொழிலின் பழைய சொல் டூக்கோ. இன்றும் மர வேலைக்காரர்கள் அலமாரிக்கு “டூக்கோ அடிக்கவா?” என்று கேட்கிறார்கள். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டின் பெயர் அது. அதற்கு முன் காருக்கும் சாரட்டுக்கும் ஒரே வைத்தியம்தான்: தூரிகையால் வார்னிஷ் பூசுவது, காயவைப்பது, தேய்ப்பது, மறுபடி பூசுவது, வாரக்கணக்கில் நடக்கும். 1840இல் தொடங்கிய மௌன்ட் ரோட்டுச் சிம்ப்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டித்தான் பேர் வாங்கியது. அந்தக் காலத்து நிறம் என்றால் பொறுமையின் நிறம். டூக்கோ அந்த வாரங்களைச் சில மணி நேரமாகச் சுருக்கியது. கோடம்பாக்கத்துக்கு அண்டைவீட்டுக்காரர்களான நமக்கு இன்னொரு செய்தி சுவைக்கும்: பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றைத் தின்றுதீர்த்த நைட்ரேட் பிலிம் சுருளும் டூக்கோவும் ஒரே ரசாயனக் குடும்பம். இரண்டுக்கும் தீ என்றால் கொண்டாட்டம்.

டூக்கோவின் வாரிசை இன்று தெருப் பட்டறையில் என்.சி. என்கிறார்கள். தின்னர் ஆவியாகிப் போனால் என்.சி. காய்ந்துவிட்டது, அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. எனவே மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம்: தின்னர் நனைத்த துணியால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் துடைத்துப் பார்த்து, துணியில் நிறம் ஒட்டினால் அந்த வண்டி வெளியே எங்கோ என்.சி. குடித்திருக்கிறது. இதற்கு மறுபக்கம் பி.யு., அல்லது டூ-கே. பெயின்டோடு ஹார்ட்னர் சேர்ந்து ரசாயனமாகப் பின்னிக்கொள்ளும். காய்ந்த பிறகு தின்னருக்கும் மசியாது, வெயிலுக்கும் அவ்வளவு சீக்கிரம் மங்காது. விலை கூடுதல், கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அடித்தே ஆக வேண்டும். பழைய என்.சி. மேல் இதை நேராக அடித்தால் அடியில் இருப்பது ஊறி, காய்ச்சின பாலின் ஆடை போலச் சுருங்கி எழும். சிக்கனம் பார்த்து முதல் தடவை என்.சி. அடித்தவர்கள் இரண்டாம் தடவை பி.யு. அடிக்கும்போது அந்தப் பழைய கணக்கைத் தகரம்வரை தேய்த்து நேர் செய்ய வேண்டும்.

காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். மயிலாப்பூரில் மத்தியானம் கடற்காற்று உள்ளே நுழையும். ஊருக்கு அது வரம், ஈரப் பெயின்டுக்கு அது தூசியும் ஈரமும். என்.சி. என்றால் இந்த ஈரத்தில் தின்னர் குளிர்ந்து மேலே பனி படிந்ததுபோல வெளுத்துவிடும். ஹார்ட்னர் சேர்ந்த கிளியர் என்றால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பொரிந்துபோகவும் கூடும். கன்னைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் கம்ப்ரசர் தொட்டியின் அடிக் குழாயைத் திறந்துவிட்டார். புஸ்ஸென்று தண்ணீர் வந்தது, ஏறக்குறைய ஒரு டம்ளர். முந்தின நாள் சாந்தோம் பக்கத்துக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர். அது கன் வழியாக வந்திருந்தால் என் கதவில் விழுந்திருக்கும்.

பிறகு அடித்தார். கன்னின் மூக்குக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். மணிக்கட்டு மடங்கவில்லை, தோளிலிருந்து கை முழுதாகக் கதவுக்கு இணையாகப் போய்த் திரும்பியது. மடங்கினால் கன் வில்லாக வளையும், நடுவில் கனமாகவும் ஓரத்தில் புகையாகவும் விழும். ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சின் பாதியை மூடியது. கதவு தொடங்குவதற்கு முன்பே கை நகரத் தொடங்கியது, அதன் பிறகே குதிரை அழுந்தியது. ஒரு கோட் அடித்துவிட்டு நின்றார். அவருடைய பையன் அவசரப்படுத்தினான். “இரு, மங்கட்டும்” என்றார். ஈர மினுமினுப்பு போய்ப் பெயின்ட் மங்கலாகும்வரை அடுத்த கோட் கிடையாது. அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய தின்னர் பிற்பாடு குமிழாக வரும். ஈரத்தின் மேல் ஈரம் ஏற்றினால் வழியும். கடைசியாக முன்கதவுப் பக்கம் போனபோது கையை வெளியே வீசி விடுவித்தார், சுண்ணக்கட்டியை உள்ளங்கையால் தேய்த்துவிட்ட அதே அசைவு.

நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்கும் நாம் வீட்டுப் பழைய பொம்மைகளுக்கு வருடா வருடம் செய்வதை அப்போது நினைத்துக்கொண்டேன். பரணிலிருந்து இறக்கி, ஒரு சின்ன எனாமல் டப்பா வாங்கி, பழைய பெயின்ட் மேலேயே புதுப் பெயின்ட். பத்துக் கொலு தாண்டினால் செட்டியார் பொம்மைக்கு மூக்கு மழுங்கிவிடும், செட்டியாரம்மாவின் கண் புருவத்துக்குள் போய்விடும். கம்பெனியிலிருந்து வரும் காரின் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 120 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றரையின் கனம். அதற்குள் துரு தடுப்பு, பிரைமர், நிறம், கிளியர் அனைத்தும் அடக்கம். பூசுவது எளிது, மெல்லிசாகப் பூசி நிறுத்துவது கடினம். செட்டியாரின் மூக்கைக் கேட்டால் தெரியும்.

இந்த மெல்லிசுக்காகத்தான் ஸ்பிரே கன் பிறந்தது என்று நினைத்திருந்தேன். அதன் பிறப்பு வேறு. அமெரிக்காவின் ஒஹையோவில் டொலிடோ நகரத்தில் ஆலன் டெவில்பிஸ் என்ற டாக்டர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் பனிபோலத் தெளிக்க 1880களில் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பெயின்ட் அடிக்கும் கருவியாக மாற்றினார். இன்றும் அந்தப் பெயரில் கன் விற்கிறது. தொண்டையைக் குணப்படுத்த வந்த பனி, மகன் காலத்தில் தகரத்துக்குத் திரும்பியது. தகரத்தில் படியாத மிச்சம் எங்கே போகிறது?

பழைய மாதிரி கன்னில் அடிக்கும் பெயின்டில் பாதிக்கு மேல் காற்றில்தான் போகும். குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்று விடும் புது வகை, எச்.வி.எல்.பி. என்பார்கள், குறைந்தது 65 சதவீதத்தைத் தகரத்தில் சேர்க்க வேண்டும் என்பது அதற்கு வைத்த அளவுகோல். ஐரோப்பாவில் 2007 முதல் கார் ரிப்பேர் பெயின்டில் கரைப்பான் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கே சட்டம் வந்து, நிறக் கோட்டில் பெரும்பாலானவர்கள் தண்ணீரில் கலக்கும் பெயின்டுக்கு மாறினார்கள். அங்கேயும் கிளியரின் ஹார்ட்னர் மாறவில்லை. அதில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இறுகும். தின்னரைப் போல வாசனை காட்டி எச்சரிக்கவும் செய்யாது. இதற்குச் சரியான பாதுகாப்பு வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி. கரி அடைத்த வடிகட்டி முகமூடி அதற்கு அடுத்தபடி.

அவர் மூக்கில் கட்டியிருந்தது ஒரு கட்டம்போட்ட கைக்குட்டை. கதவிலிருந்து கன் ஒரு சாண், கன்னிலிருந்து முகம் ஒரு முழம். வேலை முடிந்து அவிழ்த்தபோது கைக்குட்டையின் வெளிப்பக்கம் வெள்ளியாக மின்னியது. உள்பக்கமும் கொஞ்சம் மின்னியது. காரின் நிறத்துக்கு விளிம்பு இல்லாமல் செய்யத் தெரிந்தவருக்கு, தன் மூச்சுக்கு ஒரு விளிம்பு போட்டுத்தர ஆளில்லை.

நம் மோட்டார் இன்ஷூரன்ஸ் விதியில் ஒரு வரி உண்டு. பெயின்டிங் செலவில் பொருளின் விலைக்கு மட்டும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பில் மொத்தமாக இருந்தால் அதில் பொருளின் பங்கு 25 சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நூறு ரூபாய் பெயின்டிங்கில் டப்பா 25 ரூபாய் என்பது விதியின் கணக்கு. மீதி 75க்குள் வாடகை, கரண்ட், முதலாளியின் லாபம் எல்லாம் உண்டு என்றாலும் பெரும்பங்கு கைதான். அந்தக் கைக்குத் தேய்மானம் கிடையாது என்று விதி சொல்கிறது. கணக்குக்கு அது சரி. கைக்குரியவரின் நுரையீரலைப் பற்றி விதி பேசவில்லை.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. பகலில் பார்த்தேன், அதே பெட்ரோல் பங்கில் இரவில் பார்த்தேன், தெருவிளக்கில் சாய்ந்து நின்றும் பார்த்தேன். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. வாட்ச்மேன் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நல்ல பெயின்டருக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு இதுதான், அது அவர் காதுக்குப் போவதும் இல்லை.

உங்கள் வண்டிக்கும் ஒருநாள் ஒரு சவுக்குக் கட்டை வரும். பட்டறையில் விடும்போது “கலர் மேட்ச் ஆகுமா?” என்று கேட்பீர்கள், கேளுங்கள். பட்டியை உலர்வாகத் தேய்ப்பார்களா என்று கேளுங்கள். கிளியர் எந்த வகை, எந்த விளிம்பில் நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், அடிக்கிறவருக்கு முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேரம் பேசிக் குறைக்கப்போகும் தொகையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.